தரிசு என்று எழுதிய பொட்டல்

கல்லல் யூனியன் அலுவலகத்துக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். மழைநீரை விழுந்த இடத்திலேயே தடுத்து நிறுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஒரு வயலும் வரப்பும் வரைந்திருக்கிறார்கள். பென்ஷன் விஷயமாகப் போன நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கூட வந்த பழைய சகா, "என்னப்பா, ஒன் பொழப்ப போர்டுல எழுதிப் போட்டுட்டாக" என்று கேலி செய்தார். அவர் சொன்னது சரிதான். விழுந்த மழையை விழுந்த இடத்தில் நிறுத்துவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அதில் ஒரு தடவை, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி ஒரு ஊரின் குடிதண்ணீரை இல்லாமல் செய்தேன். அந்தப் பலகையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

விவசாய இலாகாவின் மண் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளராக நான் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். அப்போது இதெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். பயிற்சியில் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வெயில். மண் அரித்துப் போன படங்களையே காட்டிக் காட்டி, மழை பெய்தால் எங்கோ திருட்டு நடப்பதாகத் தோன்றும்படி எங்களைப் பழக்கிவிட்டார்கள். ஓடுகிற தண்ணீர் திருடன், வரப்புப் போட்டு அவனைப் பிடிக்க வேண்டும். சுருக்கமாக இவ்வளவுதான் என் படிப்பு. அது பொய்ப் படிப்பு என்று சொல்லமாட்டேன். அதனால் பிழைத்த புஞ்சைகள் எத்தனையோ உண்டு.

வேலை இதுதான். சரிவான நிலத்தில் ஒரே மட்டத்தில் இருக்கிற இடங்களைக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டில் மண் வரப்புப் போட வேண்டும். முக்காலியின் மேல் டம்ப்பி லெவல் என்ற கருவியைப் பொருத்தி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை திருகுகளைத் திருகுவோம். தூரத்தில் கலாசி என்ற உதவியாள் ஒருவர் அளவு குறித்த நெட்டைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் இடத்தில் ஐந்தடி தெரிந்தால், நிலம் நெடுக ஐந்தடி தெரிகிற இடமெல்லாம் ஒரே மட்டம். அவரைக் கையசைத்து மேலே, கீழே நகர்த்தி, அளவு சரியாக விழுந்ததும் அங்கே ஒரு பிடி சுண்ணாம்பு போடுவோம். அந்தக் காலத்து லெவலில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். கட்டை ஆகாயத்திலிருந்து தொங்கும், ஆடுகள் மேலே காலை வைத்து மேயும். இரண்டு மாதத்தில் அது பழகிவிடும், பிறகு அது தலைகீழ் என்ற நினைப்பே வராது.

எங்கள் ஆபீசர் தணிகாசலம் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. லெவல் புத்தகத்தில் ரப்பர் பட்டால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு, தப்பு தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். என் ரப்பரை முதல் வாரமே வாங்கித் தன் மேஜையில் போட்டுக்கொண்டார். எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்க நின்னு பார்த்தீங்க?" பதில் சொல்லத் திணறினால், மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்வார். சைக்கிளில் பத்து மைல் வந்த களைப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் மேல் எரிச்சலாக வரும்.

இனி அந்தப் பொட்டல். இரண்டு ஊரிலும் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள் என்பதால் ஊர்ப்பெயர் வேண்டாம். ஒன்று மேலே இருக்கிறது, ஒன்று கீழே. மேலூர்க்காரர்கள், கீழூர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லலிலிருந்து சைக்கிள் தூரம். இரண்டு ஊருக்கும் நடுவில், மேலிருந்து கீழே சரிகிற செம்பூராங்கல் பொட்டல். கையால் தட்டினால் தரை சத்தம் போடும். பட்டா மேலூர்க்காரர்கள் சிலர் பேரில் இருந்தது. ஆனால் யாரும் உழுததில்லை. பொட்டலின் அடியில் கீழூரின் ஊருணி இருந்தது. படிக்கட்டும் சுற்றுச்சுவரும் கொண்ட குடிதண்ணீர் ஊருணி. ஊரில் கிணறு தோண்டினால் உப்புதான். அந்த ஊருணி ஒன்றை நம்பித்தான் கீழூர் இருந்தது.

நான் முதலில் அங்கே பார்வையிடப் போனது ஒரு புரட்டாசிக் கடைசியில். சரிவு எவ்வளவு என்று பார்க்க லெவலை நிறுத்தினேன். உள்ளே பார்த்தால், முப்பது நாற்பது பெண்கள் தலைகீழாக, கையில் விளக்குமாற்றோடு பொட்டலைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். கண்ணை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தேன். கூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சாணி, ஆட்டுப் புழுக்கை, சருகு எல்லாவற்றையும் கூடையில் அள்ளினார்கள். அங்கங்கே தலைகாட்டிய செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். வாசல் கூட்டுவது போல ஒரு பொட்டலைக் கூட்டுகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. கலாசியும் நானும் வாய்விட்டுச் சிரித்தோம்.

பக்கத்தில் வந்த ஒரு பெண்ணிடம், "இதுல என்ன வெளையுது?" என்று கேட்டேன். நாற்பது வயது இருக்கும். மீனாள் என்று பெயர். கணவன் இல்லை, ஒரு பெண் குழந்தை இருந்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன்.

"ஒண்ணும் வெளையாது சார். பொட்டலுல்ல?" என்றாள்.

"அப்பொறம் எதுக்குக் கூட்டுறீக?"

"வருசா வருசம் கூட்டுறதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. படிவத்தில் நிலத்தின் தற்போதைய உபயோகம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "தரிசு" என்று எழுதினேன். மண் அரிப்பு என்ற கட்டத்தில் "கடுமை" என்று எழுதினேன். இரண்டையும் நல்ல கையெழுத்தில் எழுதினேன் என்பது நினைவிருக்கிறது.

திட்டம் வந்துவிட்டது. தையில் அளந்தோம். மேலே உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும் என்பது விதி. சரிவு மூன்றடி இறங்குகிற இடத்துக்கெல்லாம் ஒரு வரப்பு, வரப்புக்கு ஒரு கலிங்கு. கலிங்கு என்பது வரப்பில் கல் பதித்த வாய், தண்ணீர் ஓரடி நின்ற பிறகுதான் மிச்சம் அதன் வழியாக வெளியேறும். கீழூரில் கூட்டம் போட்டோம். வந்தது ஆண்கள் மட்டும். ஒருவர், "ஊருணிக்குத் தண்ணி வருமா சார்?" என்று கேட்டார். "கலிங்கு வச்சிருக்கோம்ல, மிச்சத் தண்ணியெல்லாம் வரும்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடவில்லை. பயிற்சியில் அதைக் கற்றுத்தரவும் இல்லை.

வைகாசிக்குள் வரப்புகள் முடிந்தன. இலாகா டிராக்டர் வந்து அந்தக் கெட்டித் தரையைக் கிழித்தது. ஆடியில் கடலை போட்டார்கள். நாலு ஏக்கர் வைத்திருந்த கருப்பையா என்பவர்தான் எல்லோருக்கும் முன்னால் விதைத்தார். அதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். செடி பூத்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "எங்கப்பன் காலத்துலேர்ந்து சும்மா கெடந்த மண்ணு சார் இது. இது எங்க மண்ணுதானான்னு சந்தேகமா இருக்கு" என்றார். அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஊரில் என்னை மண்ணு சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அது எனக்குப் பட்டம் வாங்கினது போல இருந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. வானத்தின் மேல் பழி போட வழியே இல்லை. பக்கத்து ஊருணிகளெல்லாம் நிறைந்தன. அந்த மழைக்காலம் முழுக்க என்னைத் திருப்புவனம் பக்கம் வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். மாசியில்தான் திரும்பவும் அங்கே போனேன். முதலில் மேலூர். கருப்பையா வறுத்த கடலையை என் சட்டைப் பை இரண்டிலும் திணித்து அனுப்பினார். அதைக் கொறித்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

ஊருணியில் தண்ணீர் இல்லை. ஒரு அடி கனத்துக்குச் செம்மண் வண்டல் படிந்து, காய்ந்து வெடித்திருந்தது. இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க உள்ளே இறங்கினேன். மேலே கரையில் ஒரு குரல் கேட்டது.

"செருப்போட எறங்குறீக. எறங்குங்க. இனிமே என்ன."

மீனாள்தான். தலைச்சுமையாகக் குடத்தோடு நின்றாள். எந்த ஊருணியிலும் செருப்புக் காலோடு இறங்கமாட்டோம், இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கு அது தெரியாததில்லை. வெறும் குழியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

"எப்ப வத்துச்சு?" என்று கேட்டேன்.

"எங்க நெறஞ்சுச்சு, வத்துறதுக்கு? மூணு படிக்கு வந்துச்சு. அதும் செவசெவன்னு. மார்கழியோட தீந்து போச்சு. இப்ப ரெண்டு மைலு போயி கண்மாய்லதான் அள்ளுறோம். எருமை கெடக்குற தண்ணி. வயக்காட்டுல போடுற உர உப்பு, மருந்து எல்லாம் அதுக்குள்ளதான் வடியுது. எம் மகளுக்கு வயித்தால போயி பதினஞ்சு நாளாச்சு."

குடத்தைக் கரையில் இறக்கிவைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள். "அன்னைக்கு என்ன வெளையுதுன்னு கேட்டீகளே சார். நானும் ஒண்ணும் வெளையாதுன்னு சொல்லிட்டேன். எங்களுக்குத் தண்ணி வெளையுற எடம் அதுதான்னு சொல்லத் தெரியாமப் போச்சு. கல்லாக் கெடந்தாத்தான் பேயிற மழை வழுக்கிக்கிட்டு இங்க வரும். அசிங்கம் சேராம வரணும்னுதான் கூட்டுறோம். செடி மொளச்சா தரை எளகிப்போகும்னு புடுங்குறோம். எங்க மாமியா புடுங்குனா, அவுக மாமியா புடுங்குனாக. நீங்க டாக்டரு விட்டு உழுதுட்டீக."

டிராக்டரைத்தான் டாக்டர் என்றாள். அதைத் திருத்துகிற நிலையில் நான் இல்லை. தரிசு என்று நான் எழுதிய நிலம் தானாகத் தரிசாகக் கிடக்கவில்லை. ஒரு ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து அதை அப்படி வைத்திருந்தார்கள். அந்த உழைப்பை நேரில் பார்த்துச் சிரித்துவிட்டு, அரிப்பு கடுமை என்று எழுதியவன் நான்.

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். குழந்தை பாயில் சுருண்டு கிடந்தது. வெயிலில் வந்தவனுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வந்தவுகளுக்குக் குடுக்காம இருக்க முடியுமா. இதான் இருக்கு" என்றாள். துணியில் வடிகட்டியிருந்தும் கலங்கல் போகவில்லை, சேற்று வாடை அடித்தது. உதட்டில் வைத்தேன். குடிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள், செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் உத்தியோக காலத்தில் நான் வெட்கப்பட்ட நாள் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். குழந்தையை மறுநாள் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, தேறிவிட்டது.

அன்று சாயங்காலமே ஆபீசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எங்க நின்னு பார்த்தீங்க?" என்றார்.

"இப்பவா சார்?"

"போன வருஷம். திட்டம் போடும்போது."

"பொட்டல் உச்சியில."

"ஊருணியில நின்னு மேல பார்க்கலையா?"

"இல்ல சார்."

"நானும் பார்க்கல. பார்க்காமதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

மறுவாரம் அவரே வந்தார். ஊருணிக் கரையில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காய்ந்த வண்டலுக்குள் வெறுங்காலோடு இறங்கினார். கரையில் நின்ற பெண்கள் அதைக் கவனித்தார்கள். லெவலை ஊருணிக்குள்ளேயே நிறுத்தி, விதிக்கு நேர்மாறாகக் கீழிருந்து மேலே அளக்கச் சொன்னார். பகல் முழுவதும் அளந்தோம். பழைய நாளில் தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்று மீனாளும் மற்றவர்களும் முன்னால் நடந்து காட்டினார்கள். அவர்கள் நடந்த வழியும் எங்கள் லெவல் காட்டிய வழியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

வரப்புகளை அடியோடு எடுக்க ஆபீசருக்கு அதிகாரம் இல்லை. அளந்து, ஒப்புக்கொண்டு முடிந்த வேலை. ஆனால் கலிங்குகளைத் தாழ்த்துவது பழுதுபார்ப்பு, அதற்கு அவர் கையெழுத்து போதும். ஓரடி நிற்கிற தண்ணீரை நாலு விரல் அளவுக்குக் குறைக்கலாம். அதோடு உச்சியிலிருந்து ஊருணிவரை இருபது கஜ அகலத்துக்கு ஒரு பாதையை உழாமல் விட வேண்டும். அந்த இருபது கஜமும் பெரும்பாலும் கருப்பையாவின் நிலத்தில்தான் விழுந்தது. நாலு ஏக்கரில் நல்ல பகுதியான ஒன்றரை ஏக்கர் போய்விடும்.

அவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "ஒரு வருசம் கடலையத் திங்க வச்சுட்டு இப்ப வாயிலேர்ந்து புடுங்குறீகளே சார். நானா கேட்டேன்? நீங்கதானே வீடு தேடி வந்தீக?" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. கீழூருக்குச் செய்த தப்பைச் சரிசெய்ய, மேலூரில் இன்னொரு தப்புச் செய்யப் போயிருந்தேன். சட்டப்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் வழி இல்லை. ஆபீசர் ஒரு தடவை போய்ப் பேசினார். அவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. சித்திரை போய் வைகாசி வந்தது. ஆடி வந்தால் மறுபடி உழுதுவிடுவார், ஊருணி மறுபடி காயும். 

கலிங்குகளைத் தாழ்த்துகிற வேலை நடந்துகொண்டிருந்த ஒருநாள் காலையில், மீனாளும் பத்துப் பதினைந்து பெண்களும் பொட்டல் ஏறி வந்தார்கள். கருப்பையா வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஆபீசரும் அன்று இருந்தார்.

"அண்ணே, போன கார்த்திகையில கடலை பறிக்க ஆள் கெடைச்சுச்சா?" என்று மீனாள் கேட்டாள்.

கிடைக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். பறிக்கிற நேரத்தில் எல்லா ஊரிலும் நடவும் களையுமாக ஆள் கிடைக்காமல், அவருடைய கடலையில் ஒரு பகுதி மழையில் மண்ணுக்குள்ளேயே முளைத்து வீணாகிப் போனது.

"ஊரோட வாரோம். ஒரே நாள்ல பறிச்சு, செடியிலேர்ந்து காய ஆஞ்சு, களத்துல போட்டுட்டுப் போறோம். கூலி வேணாம். அந்தத் தண்ணி வழிய மட்டும் உழுகாம விட்டுருங்க."

"எத்தன வருசத்துக்கு?"

"நாங்க தண்ணி குடிக்கிற வருசத்துக்கெல்லாம்."

அவர் எழுந்து, சரிவை ஊருணிவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ரெண்டு நாளு வரணும். ஆயுறதுக்குத் தனியா ஒரு நாளு" என்றார். மீனாள் பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஆபீசர் என் பக்கம் திரும்பி, "சுண்ணாம்பு போடுங்க" என்றார். இருபது கஜத்துக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு ஊருணிவரை இறங்கினேன்.

அந்த ஐப்பசியில் ஏழாவது படிவரை தண்ணீர் வந்தது. சிவப்பாகத்தான் வந்தது. ஒருதரம் கிழித்த தரை பழையபடி கல்லாக ஒரு மழைக்காலம் போதாது. தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைத்துக் குடித்தார்கள். அதற்கு முன்பே, புரட்டாசியில், அந்தப் பாதையை மறுபடி கூட்டி, முளைத்ததைப் பிடுங்கியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் இருந்தவரை ஊருணி ஒரு தடவைகூட முன்போல் நிறையவில்லை. ஆனால் சித்திரைவரை தாங்கியது.

முந்தின வருடத்துக்கு இலக்காகக் குறித்த பரப்புக்கு மேல் வரப்புப் போட்டதாக எனக்கு இலாகாவில் ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அந்தப் பொட்டலும் அந்தப் பரப்பில் சேர்த்திதான். கார்த்திகையில் கலிங்கு எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போனேன். கருப்பையாவின் வயலில் கீழூர்ப் பெண்கள் வரிசையாகக் குனிந்து கடலை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அன்று வேறு வயலில் போனால் கூலி கிடைத்திருக்கும். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு வயலில் இறங்கினேன். பெரிய மனதினால் இல்லை, நின்று பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"இந்த வரிசையப் புடிங்க" என்று மீனாள் கை காட்டினாள். நான் எதற்கு இறங்கினேன் என்று கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் என் கை தோல் உரிந்துவிட்டது. அவர்கள் மூன்று வரிசை முடிக்கிற நேரத்தில் நான் ஒரு வரிசையைக்கூட முடிக்கவில்லை. அடுத்த கார்த்திகைக்கும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதற்கடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர்கள் வருடா வருடம் பறித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.